தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை புதிய ரயில் பாதை: நிலத்துக்கான பணத்தை ஒரே தவணையில் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டங்களைச் சேர்ந்த ரயில் பயணிகள், நெல் மற்றும் தென்னை விவசாயிகள், வணிகர்கள், ரயில்வே, வருவாய், நீர்வளத் துறைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோர்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள், தெற்கு ரயில்வே, சென்னை.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.

பொருள்: தஞ்சாவூர்–ஒரத்தநாடு–பட்டுக்கோட்டை புதிய பாதை – நில எடுப்புத் தொகையை முழுமையாக, தனித் தலைப்பில் ஒதுக்குதல் – வேலைகளைப் பாசன அட்டவணையோடு பொருத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் புதிய பாதை அமைக்க ஒப்புதல் கிடைத்துப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகிறது. நீளம் 52 கி.மீ. நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சகம் தந்த பதிலின்படி இதற்கு வேண்டிய நிலம் 196 ஹெக்டேர். எடுத்தது ஒரு ஹெக்டேர்கூட இல்லை. பக்கத்தில் மன்னார்குடி–பட்டுக்கோட்டை பாதைக்கும் இதே கதிதான்: 41 கி.மீ., வேண்டியது 152 ஹெக்டேர், எடுத்தது சுழியம்.

ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை எழுதி இந்தத் திட்டத்தை உயிரோடு வைத்திருப்பதை நிறுத்திவிட்டு, நிலத்துக்கான பணம் முழுவதையும் ஒரே நிதியாண்டில் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் பணம் பின்னால் வரட்டும். நிலத்துக்கான பணம் துண்டு துண்டாக வந்தால் எந்தப் பயனும் இல்லை என்பதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறோம்.

இன்று பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் திருவாரூர் சுற்றித்தான் போக வேண்டும். பட்டுக்கோட்டை–திருவாரூர் 76 கி.மீ., திருவாரூர்–தஞ்சாவூர் 55 கி.மீ., ஆக 131 கி.மீ. நேர்ப்பாதை 52 கி.மீ. மாவட்டத் தலைநகருக்குப் போக இரண்டரை மடங்கு தூரம் சுற்றும் வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். தேங்காயும் கொப்பரையும் நெல்லும் லாரியிலேயே போவதற்கும் இதுவே காரணம்.

இந்த வட்டாரத்து மக்கள் ரயிலைப் பிறர் பணத்தில் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். அந்நாளைய தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ரூபாய்க்கு 3 பை (அந்நாளைய சிறு காசு) கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தில் மாயவரம்–முத்துப்பேட்டை பாதையை அமைத்தது. 1894இல் வண்டி ஓடியது. 1903இல் அதே பாதை பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது. வரி கட்டியவர்கள் இந்த வட்டாரத்து நிலக்காரர்கள். பணம் முதலில் சேர்ந்தது, வேலை பிறகு தொடங்கியது, தொடங்கிய வேலை முடிந்தது. பொதுப்பணத்தில் பாதை போடுவதற்கு இந்த மண்ணிலேயே நடந்து காட்டிய முறை இதுதான்.

இப்போது நடப்பது வேறு. தமிழ்நாட்டின் புதிய பாதைகள் பலவற்றுக்குப் பிங்க் புத்தகத்தில் (ரயில்வேயின் திட்டவாரி நிதி ஒதுக்கீட்டுப் பட்டியல்) சில ஆண்டுகள் வெறும் ₹1,000 எழுதப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். பட்டியலிலிருந்து திட்டம் விழுந்துவிடாமல் இருக்க அப்படி எழுதுவது கணக்குத் துறையின் வழக்கம். ஆனால் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முன் அந்தத் தொகை நிற்காது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல்நிலை அறிவிக்கை வருகிறது. அடுத்து 19ஆம் பிரிவில் விளம்புகை, அதாவது நிலம் எடுக்கப்படும் என்ற உறுதி அறிவிப்பு. நிலம் கேட்கும் துறை, அதாவது ரயில்வே, நில எடுப்புச் செலவுக்கு அரசு விதிக்கும் தொகையை (முழுதாகவோ பகுதியாகவோ) கட்டாமல் இந்த விளம்புகையை வெளியிடக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. முதல்நிலை அறிவிக்கை வந்த 12 மாதத்துக்குள் விளம்புகை வராவிட்டால் அறிவிக்கை செல்லாது. விளம்புகைக்குப் பின் இன்னொரு 12 மாதத்துக்குள் இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்வாணை வர வேண்டும். அரசு காலநீட்டிப்பு தரலாம். ஆனால் பணம் இல்லாத இடத்தில் நீட்டிப்பால் என்ன பயன்?

'மாநில அரசு நிலம் தரவில்லை' என்று ரயில்வேயும், 'ரயில்வே பணம் கட்டவில்லை' என்று வருவாய்த் துறையும் சொல்லும்போது இரண்டுமே உண்மையாகிவிடுவது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டின் ரயில் திட்டங்களுக்கு வேண்டிய 3,389 ஹெக்டேரில் 866 ஹெக்டேர்தான் கைக்கு வந்திருக்கிறது என்று அமைச்சகமே ஒரு பதிலில் கூறியது. கால் பங்கு. இதில் யார் மீது பழி என்று தீர்மானிப்பது எங்கள் நோக்கம் அல்ல. பூட்டு எந்தக் கதவில் தொங்குகிறது என்று காட்டுகிறோம்.

தாமதம் இழப்பீட்டை எப்படி ஏற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பு ₹1,00,000 உள்ள நிலம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஊரக நிலத்தின் சந்தை மதிப்பைப் பெருக்க வேண்டிய காரணி 1.25. ஆகவே ₹1,25,000. அதே அளவு ஆறுதல் தொகை சேர்ந்தால் ₹2,50,000. இதற்கு மேல், சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு நாளிலிருந்து தீர்வாணை நாள் வரை சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 விழுக்காடு, அதாவது ₹12,000. சந்தை மதிப்பு எந்த நாளில் கணக்கிடப்படும் என்றால், 11ஆம் பிரிவு அறிவிக்கை வந்த நாளில். அந்த அறிவிக்கை காலாவதியானால் புது அறிவிக்கை, புது நாள், புது மதிப்பு. இடையில் ஏறிய விலை இரண்டரை மடங்காகி ரயில்வேயின் தலையில் விழும்.

மரங்களின் கணக்கு தனி. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதன்பின் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. கன்றாக இருந்தபோது எடுத்திருந்தால் ஒரு மதிப்பு, காய்க்கும் மரத்துக்கு வேறு மதிப்பு. ஐந்தாறு ஆண்டு தள்ளிப்போட்டதன் விலை இது. விவசாயிக்கும் இதில் நிம்மதி இல்லை. பாதை தன் நிலத்தில் வருமா வராதா என்று தெரியாமல் கிணறு வெட்டவும் தயங்குகிறார், விற்கவும் வழியில்லை.

பணம் வந்தாலும் நிலம் உடனே வந்துவிடாது. டெல்டாவில் பட்டா விவகாரம் சிக்கலானது. பெருவாரியான புல எண்கள் கூட்டுப் பட்டாவில் கிடக்கின்றன. தாத்தா பெயரில் பட்டா, அனுபவம் பேரன்கள் நால்வரிடம், வாரிசுச் சான்று யாரிடமும் இல்லை. கோவில், மடத்து நிலங்களில் நில உரிமை ஓரிடம், குத்தகைச் சாகுபடி இன்னோரிடம். இழப்பீட்டைப் பங்கிடுவதில் தகராறு வந்தால் தொகை உரிய ஆணையத்தில் கட்டப்பட்டு அங்கேயே தேங்கும். உட்பிரிவு செய்ய நில அளவர் வேண்டும். இதற்கெல்லாம் தனி வட்டாட்சியர், சர்வேயர்கள், எழுத்தர்கள் கொண்ட தனிப் பிரிவு தேவை. அவர்களின் சம்பளச் செலவையும் நிலம் கேட்கும் துறைதான் ஏற்க வேண்டும். ஆகவே இழப்பீட்டுத் தொகைக்கு முன்னதாகவே இந்த அலுவலகச் செலவைக் கட்டிவிட்டால், ஊர் ஊராகப் பட்டா முகாம் நடத்தி வாரிசு, உட்பிரிவு வேலைகளை முடித்துவிடலாம். மொத்தச் செலவில் இது மிகச் சிறு பங்கு. ஆனால் இதைச் செய்யாத திட்டங்கள்தான் தீர்வாணை வந்த பின்னும் நிலத்தில் கால்வைக்க முடியாமல் நிற்கின்றன.

அடுத்து வேலைக்கான காலம். எங்கள் பட்டறிவில் இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். புதுஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயிலும் அதன் கிளைகளிலும் தண்ணீர் ஓடும்போது பாலத்துக்கு அடித்தளம் தோண்ட முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மீதம் இருப்பது ஜனவரிக் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, நாலரை மாதம். பட்ஜெட் பணமோ ஏப்ரலில் கைக்கு வருகிறது. அதற்குப் பின் ஒப்பந்தப்புள்ளி கோரி, இறுதி செய்து, ஆட்களும் எந்திரங்களும் வந்து இறங்கும்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். வேலை நடக்கக்கூடிய நாட்களுக்கு நடுவிலேயே மார்ச் 31 வந்து செலவாகாத பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆகையால் கால்வாய்ப் பாலங்களுக்கான ஒப்பந்தத்தை செப்டம்பர், அக்டோபரிலேயே முடித்து, ஜனவரி 28க்குக் காத்திருக்கும் நிலையில் வைக்க வேண்டும். ஒரு கோடையைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு போகிறது.

மண்வேலையின் அளவையும் சொல்லிவிடுகிறோம். ஒற்றைப் பாதைக்கு மண்கரையின் மேல் அகலம் 7.85 மீட்டர். பக்கச் சரிவு இரண்டுக்கு ஒன்று. சராசரி உயரம் 3 மீட்டர் என்று கொண்டால் அடி அகலம் 19.85 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 41,500 கன மீட்டர் மண். 52 கி.மீ.க்கு 21 லட்சம் கன மீட்டருக்கு மேல். 10 கன மீட்டர் ஏற்றும் டிப்பரில் கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 4,000 நடைக்கு மேல். ஒரத்தநாட்டுப் பக்கம் செம்மண் பாங்கு மிகுதி என்பதால் கிராவல் தூரத்திலிருந்து வரவேண்டியதில்லை. மன்னார்குடிப் பக்கம் களிமண். அங்கே கரை அமுங்கும், வெயிலில் வெடிக்கும், கரையின் உச்சியில் பரப்பும் போர்வை அடுக்கும் கனமாக வேண்டும். இரண்டு பாதைகளுக்கும் போதிய பணம் ஒரே நேரத்தில் இல்லை என்றால், தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை பாதையை முதலில் எடுக்கக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மன்னார்குடி மக்கள் எங்கள் அண்டை வீட்டார், அவர்களின் பாதையும் வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட்டால் தண்டவாளம் எளிய கணக்கு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் கிலோமீட்டருக்குச் சுமார் 120 டன், ஸ்லீப்பர் 1,660, ஜல்லி 2,000 கன மீட்டருக்கு மேல். நிலமும் கரையும் தயாரானால் இவை வந்து சேர்வதில் தடை இல்லை. தஞ்சாவூர் முனையிலிருந்து போட்டுக்கொண்டே வந்தால், போட்ட பாதையிலேயே ஜல்லியையும் ஸ்லீப்பரையும் கொண்டுவரலாம். ஊர்ச் சாலைகள் கெடாது. ஒரத்தநாடு வரை முடிந்ததும் ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு பெற்று அந்தப் பகுதியை முதலில் திறந்துவிடலாம்.

பாதை போட்டபின் நடந்த ஒரு தவறும் எங்கள் கண்முன் இருக்கிறது. திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை 2019 ஜூனில் முழுமையாகத் திறந்தபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியிலேயே ஆள் ஏறிவந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்து, மறுபடி ஏறினார்கள். 149 கி.மீ. கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெருந்தொகை செலவிட்ட பாதையில் பேருந்தைவிட மெதுவாக வண்டி போனால் பயணிகள் திரும்ப வரமாட்டார்கள். புதிய பாதையில் கேட்டே இல்லாமல் திட்டமிடுங்கள். கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை என்றால், எங்கள் ஊரில் நிலத்தடி நீர் மேலாக நிற்பதையும், மழையில் அது குளமாகி டிராக்டரும் பள்ளி வேனும் போக முடியாமல் ஆவதையும் கருத்தில் கொள்ள வேண்டும். கடக்க வேண்டிய சாலைகள் உள்ள இடத்தில் கரையைத் தொடக்கத்திலேயே உயர்த்தி, சாலை தரைமட்டத்தில் போகும்படி பாலம் கட்டினால் மண்செலவு கூடும். ஆனால் காலமெல்லாம் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டாம். அறுவடை எந்திரமும் வைக்கோல் ஏற்றிய வண்டியும் நுழையும் உயரம் அந்தப் பாலங்களுக்கு வேண்டும்.

செலவை மாநிலத்தோடு பங்கிடுவது பற்றிய பேச்சு எப்போதும் எழும். கர்நாடகம் பல பாதைகளுக்குப் பாதிச் செலவும் நிலமும் தருகிறது. தமிழ்நாட்டின் நிலைப்பாடு வேறு. அது இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டியது. பேச்சு முடியும்வரை அளவைக் கற்கள் நடுவதும், பட்டா திருத்துவதும், மரங்களைக் கணக்கெடுப்பதும் நிற்க வேண்டியதில்லை.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

இந்தப் பாதை அகலப்பாதை மாற்றத் திட்டத்தின் துணைப்பணியாகப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்துத் தனித் தலைப்பில், தனிக் கணக்கில் காட்ட ரயில்வே வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அப்போதுதான் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தெரியும்.

196 ஹெக்டேருக்கான இழப்பீட்டை இன்றைய மதிப்பில் மாவட்ட ஆட்சியருடன் சேர்ந்து கணக்கிட்டு, அந்த முழுத் தொகையை அடுத்த நிதிநிலைக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். முழுவதும் இயலாவிட்டால், தஞ்சாவூர்–ஒரத்தநாடு பகுதிக்கு முழுமையாகக் கொடுங்கள். 52 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்ப வேண்டாம்.

நில எடுப்புத் தனிப் பிரிவுக்கான அலுவலகச் செலவை இந்த நிதியாண்டிலேயே மாவட்ட நிர்வாகத்திடம் கட்ட வேண்டும். பணம் வந்த 30 நாளுக்குள் ஊர்வாரியான பட்டா முகாம்களைத் தொடங்க மாவட்ட ஆட்சியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கிராமங்களில் ஆவணங்களைத் திரட்டித் தரவும், வாரிசுதாரர்களை முகாமுக்கு அழைத்துவரவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

கால்வாய், வாய்க்கால், வடிகால் பாலங்களின் வரைபடங்களை நீர்வளத் துறையிடம் இப்போதே கொடுத்து ஒப்புதல் பெற்றுவிட வேண்டும்.

இந்த மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறும், தங்கள் அலுவலகத்தின் கட்டுமானப் பிரிவு அதிகாரி ஒருவர் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் எங்களைச் சந்திக்க ஒரு நாள் குறிக்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டப் பொதுமக்கள்

இணைப்பு: பாதை கடக்கும் வாய்க்கால், வடிகால், ஊர்ச் சாலைகளின் பட்டியல், கையொப்பத் தாள்கள்.