துவக்கு வாங்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது. வட்டைக்குள் யானை வந்து போனது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ கனடாவில் துவக்குச் சுடப் பழகுவதாகவும், சொந்தமாக ஒன்று வாங்கப் போவதாகவும் தங்கச்சி சொன்னாள். அவளுக்கு நீ அனுப்பிய இரண்டு துவக்கின் படத்தையும் பார்த்தேன். என்னிடமே கேட்டிருக்கலாம். வயல் காவலுக்கு வருசா வருசம் லைசன் புதுப்பித்துத் துவக்கு வைத்திருந்தவன் நான்.

ரூகர் 10/22 நல்லது. 1964இல் இருந்து வருகிற துவக்கு. பாயின்ட் டூ டூ தோட்டா, மகசினில் பத்துப் போகும். தோளில் உதைக்காது, தோட்டாவும் மலிவு. ஓய்வு நாளில் கடதாசிக் குறியைப் பார்த்துச் சுட ஆசைப்படுகிறவனுக்கு இதற்கு மேல் எதற்கு? சின்னத் தோட்டா என்று மட்டும் நினைக்காதே. அது ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடாதே.

மற்றது எஸ்.கே.எஸ். சோவியத் காலத்துத் துவக்கு, ரூகரை விட ஒன்றரைக் கிலோ பாரம் கூட. அதற்குப் போடுவது 7.62 × 39 தோட்டா. மகன், அது இங்கே சண்டையில் வெடித்த ரி-56 துவக்கின் தோட்டா. ஒரு அமத்தலுக்கு ஒரு வெடிதான், தொடர்ந்து சுடாது என்று சொல்லுவாய். தெரியும். 1990இல் உன் காதைப் பொத்திக்கொண்டு அம்மா கிடந்த இரவுகள் உனக்கு ஞாபகம் இருக்காது. சின்ன மாமாவின் படத்துக்கு அவள் இன்றைக்கும் பூ வைக்கிறாள். நீ அனுப்பிய எஸ்.கே.எஸ் படத்தை அவளுக்குக் காட்ட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

கனடா 2020 மே மாதம் ஏ.ஆர்-15ஐயும் அதோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட துவக்கு வகைகளையும் தடை செய்தது. பட்டியல் பிறகும் நீண்டது. எஸ்.கே.எஸ்ஸும் நாளைக்கு அதில் சேரலாம், பெரிய காசு போட்டு வாங்காதே. வாங்கினால் ரூகரை வாங்கு.

பாதுகாப்பு வகுப்பில் நன்றாகச் செய்தாயாம். எடுத்ததை ஒழுங்காகச் செய்கிறவன் நீ, சின்னதிலேயே அப்படித்தான். ஆனால் தைப்பொங்கலுக்குக்கூட போன் எடுக்கவில்லையே. அம்மா பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த லைசன் விண்ணப்பத்தில் மன அழுத்தம், குடும்பப் பிரிவு, வேலை போனது எல்லாம் கேட்பார்களாமே. நீ என்ன எழுதினாய்? மருமகள் பிரிந்து போன பிறகு எங்களிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு நோகும் என்று நாங்களும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நித்திரை வருகிறதா? சமைத்துச் சாப்பிடுகிறாயா? வேலைக்குப் போகிறாயா?

ரூகர் என்றாலும் வீட்டில் வைக்காதே மகன். கிளப்பில் அவர்களுடைய துவக்கை எடுத்துச் சுடலாம் என்றால் அதுவே போதும். தோட்டாவைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்தான். ஆனால் திறப்பு உன் கையில்தானே இருக்கும்? நீ தனியாக இருக்கிறாய். வீட்டில் வேண்டாம்.

நான் விடிய நாலு மணிக்கே எழும்பிவிடுவேன். உனக்கு அங்கே பின்னேரம். அந்த நேரம் எடு. அம்மா நித்திரையாக இருப்பாள், நான்தான் பேசுவேன். துவக்கைப் பற்றிப் பேசவேண்டும் என்றில்லை.

அப்பா