பெயர் தெரியாத அந்த நர்ஸ் மிஸ்ஸிக்கு

போன வருஷம் கை வீங்கி எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எப்படி விழுந்தேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் பதில் சொன்னது என் கணவர். அதைக் கவனித்துவிட்டீர்கள். கிளினிக் அட்டையை போட்டோ கொப்பி எடுத்து வரச் சொல்லி அவரை வெளியே அனுப்பினீர்கள். (அந்தக் கொப்பி யாருக்கும் தேவைப்படவில்லை என்பது அப்புறம்தான் விளங்கியது.) பிறகு உடைந்த தமிழில், "நங்கி, வீட்டுல பயமா?" என்றீர்கள். (நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.)

"அடிக்கிறது எப்பவாவதுதான் மிஸ்ஸி" என்றேன். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சம்பளம் அவர் கையில், போன் அவர் கையில், அம்மா இருக்கும் லயத்து வீட்டுக்குப் போகத் தடை. இதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்தது. அதுவும் வன்முறைதான் என்றீர்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனதை வதைப்பதும் அடங்கும், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், எனக்காகப் பொலிசாரும் கேட்கலாம் என்றீர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்த நட்பு நிலையத்துக்கு நீங்களே கூட்டிப்போனீர்கள், டியூட்டி முடிந்த பிறகும்.

என் கணவர் பையைக் கிளறுவார் என்று எதையும் எழுதித் தரவில்லை. பெண்கள் உதவி இலக்கம் 1938ஐ, "ஆச்சி பொறந்த வருஷம்னு வச்சிக்கோங்க" என்று மனப்பாடம் செய்ய வைத்தீர்களே, அந்தச் சாமர்த்தியத்தை இன்னும் வியக்கிறேன்.

இப்போது அம்மாவோடு இருக்கிறேன். கட்டளையும் கிடைத்துவிட்டது. ரொம்ப நன்றி மிஸ்ஸி.

தேடி வந்தபோது மாற்றலாகிப் போனதாகச் சொன்னார்கள். பதுளையோ கண்டியோ தெரியாது. அந்த மிஸ்ஸியைத் தெரிந்தவர்கள் இதைச் சிங்களத்தில் சொல்லிவிடுங்கள்.