கனடா நேத்து முளைச்ச நாடா?

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

கனடா குளிர் பத்தின கட்டுரைல அது நேத்து முளைச்ச நாடு, ஊர்ப் பேருகூட இரவல்னு போட்டிருந்தீங்க, இரவல்ங்கறது சரிதான், 1793ல சிம்கோங்கற கவர்னர் ஒன்டாரியோல ஒரு இடத்தைப் பாத்து லண்டன்னு பேர் வச்சாரு, ஆத்துக்கும் தேம்ஸ்னு வச்சாச்சு, ஆனா குளிரு மட்டும் சொந்தச் சரக்கு, இங்கிலாந்து லண்டனைவிட இது எவ்வளவோ தெற்கால இருந்தும் ஹியூரான் ஏரி மேல வர்ற காத்து ஈரத்தை அள்ளிட்டு வந்து ஸ்னோவா கொட்டிடும், காலைல காரைத் தோண்டித்தான் எடுக்கணும்.

கனடா கூட்டாட்சியானது 1867, ஜெர்மனி ஒரே நாடானது 1871, அப்ப ஜெர்மனியையும் நேத்து முளைச்சதுன்னு எழுதுவீங்களா? அந்த கனடா தேம்ஸ் ஆத்தங்கரைல கவர்னருக்கு ரொம்ப முன்னாடியே அனிஷினாபேங்கற பூர்வகுடி ஜனங்க இருந்தாங்க, ஆத்துக்கு அவங்க வச்ச பேரு டெஷ்கன் சீபி, அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.