அடுத்த செவ்வாய்க்கிழமை இங்கே தேர்தல்

கிளீவ்லாந்து, ஒஹாயோ
30-10-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் நலம், உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். குளிர் தொடங்கிவிட்டது. ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் காது மரத்துப் போகிறது. சின்னம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைத் தினமும் போட்டுக்கொள்கிறேன். காரை விற்றுவிட்டேன், பெட்ரோல் காலன் 1 டாலர் 20 சென்ட் விற்கிறது, பஸ்ஸே வசதியாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

சினிமாக்காரர் ஒருவர் ஜனாதிபதி ஆகப் போகிறாராமே, பேப்பரில் அவரைச் சண்டைக்காரர் என்று எழுதுகிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். ரீகன் வெறும் நடிகர் இல்லை அப்பா, எட்டு வருடம் கலிபோர்னியாவின் கவர்னராக இருந்தவர். இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, அதிகாரமெல்லாம் அவரிடம்தான். அதனால் எம்.ஜி.ஆரைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

செவ்வாய் ராத்திரி இப்போதைய ஜனாதிபதி கார்ட்டரும் ரீகனும் நேருக்கு நேர் விவாதம் செய்தது எங்கள் ஊரில்தான். கீழ் வீட்டு ஹங்கேரிக்காரத் தாத்தா டிவி பார்க்கக் கூப்பிட்டார். வாசல் முழுக்க மிளகாயைக் கோத்துத் தொங்கவிடுவாரே, அவர்தான். முடிவில் ரீகன், நான்கு வருடத்துக்கு முன் இருந்ததைவிட இன்று நன்றாக இருக்கிறீர்களா, கடையில் சாமான் வாங்குவது முன்னைவிடச் சுலபமாக இருக்கிறதா என்று ஜனங்களைக் கேட்டார். தாத்தா எழுந்து நின்று "இல்லை, இல்லை" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார். என் மனசிலும் அதே பதில்தான்.

நீங்கள் தினமும் வரவு செலவு எழுதுகிறவர், உங்களுக்குப் புரியும். போன வருடம் விலைவாசி 13 சதவீதம் ஏறியது, இந்த வருடமும் அந்த வேகம்தான். ஆனால் பேங்குகள் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று அரசாங்கமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. காலமெல்லாம் ஆலையில் வேலை செய்து சேர்த்தவர் தாத்தா. பாஸ்புத்தகத்தில் தொகை ஏறுகிறது, அதைக்கொண்டு வாங்குகிற ரொட்டியும் இறைச்சியும் குறைகிறது. சம்பளக்காரனுக்கு இன்னொரு அடி. விலைவாசிக்காகச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினால், அது வரி சதவீதம் கூடுதலாக உள்ள அடுத்த படிக்குத் தள்ளிவிடுகிறது. வாங்கும் சக்தி கூடவில்லை, வரி மட்டும் கூடுகிறது, இந்தக் கூடுதலுக்காகப் பாராளுமன்றத்தில் யாரும் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டியதுகூட இல்லை. வருமான வரியை மூன்று வருடத்தில் 30 சதவீதம் குறைப்பேன் என்கிறார் ரீகன். ராணுவச் செலவையும் கூட்டிக்கொண்டு அது எப்படி முடியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் உழைத்தவன் காசு முதலில் அவனுடையது என்று உரக்கச் சொல்ல ஒருவர் வந்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியதை பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி சொன்னதைத் திண்ணையில் நீங்கள் எத்தனை தடவை விளக்கியிருப்பீர்கள்! அதைக் கேட்டு வளர்ந்தவன் நான், வேறு எந்தப் பக்கம் நிற்பேன்? எனக்கு இங்கே ஓட்டு இல்லை, அது வேறு விஷயம்.

இந்த நகரசபையே 1978 டிசம்பரில் பேங்க் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. பக்கத்து யங்ஸ்டவுனில் 1977ல் ஒரே அறிவிப்பில் ஆயிரக்கணக்கான உருக்காலைத் தொழிலாளிகளுக்கு வேலை போயிற்று, தாத்தாவின் மருமகனும் அதில் ஒருவர். எல்லாப் பழியையும் கார்ட்டர் தலையில் போட மாட்டேன், பழைய உலைகளைப் புதுப்பிக்காமல் விட்டது முதலாளிகள்தானே.

தாத்தாவின் கோபம் வேறு. 1956 நவம்பர் 4ஆம் தேதி ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தன, அதற்குப் பிறகுதான் அவர் எல்லை தாண்டி ஓடிவந்தார். போன வருடம் அதே நவம்பர் 4இல்தான் ஈரானில் டெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள், இன்னும் 52 பேர் அங்கே பிணைக்கைதிகள். இந்தத் தேர்தலும் நவம்பர் 4. ஹங்கேரி ராஜாக்கள் சூடிய புனித ஸ்டீபன் கிரீடத்தை அமெரிக்கா பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது. அதைக் கார்ட்டர் 1978ல் அங்குள்ள கம்யூனிஸ்ட் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிடுகிறது. பலவீனமாகத் தெரிகிற நாட்டை யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார். அவர் பட்டதைக் கேட்டபிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

அவர் கொடுத்த மிளகாய்ப்பொடியில்தான் இப்போது குழம்பு வைக்கிறேன். நல்ல சிவப்பு, காரம்தான் துளியும் இல்லை. ஓவர்டைம் நிறுத்திவிட்டதால் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன், சமைக்க நேரம் கிடைக்கிறது. நேற்று படியேறும்போது அந்த மிளகாய்ச் சரத்தின் நெடி மூக்கில் ஏறியது, நம் மொட்டைமாடியில் அம்மா காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது, கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தீபாவளி வேறு வருகிறது. அன்றைக்கு எனக்கும் சேர்த்து அம்மா கையால் செல்வி தலையில் எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள்.

செல்விக்கு வந்திருக்கும் ஈரோட்டு வரன் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்கூட்டர் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நகையை முடித்துவிட்டு ஸ்கூட்டருக்கு ஆடி வரை தவணை கேளுங்கள், மாமாவை விட்டுப் பேசச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். பணம் இந்த முறை இரண்டு டிராஃப்டாக வரும், இரண்டாவது சற்றுத் தாமதமாகலாம், அதற்காக யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். தை மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் முகூர்த்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள், தம்பி இருக்கிறான், அண்ணன் செய்ய வேண்டியதை அவன் செய்யட்டும்.

சித்தப்பா தோப்பு எல்லையை மறுபடி கிளப்புகிறார் என்றால் மணியக்காரரை வைத்து அளந்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன்னாலேயே. அளக்கும்போது கிணறு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
ராமு