டோல்கேட்டுக்கு எத்தனை பெயர்? வடசென்னைப் பொதுத் தரவுப் பட்டியலுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த வடசென்னை மக்களுக்கு வணக்கம்.

போன மாதம் காலடிப்பேட்டை டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாந்தான் போன்லயே வந்துடுதே, அப்புறம் உங்க குழு எதுக்குப்பா?" ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது.

எங்களை அறியாதவர்களுக்கு: திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை, மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர் வரை பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, சுகாதார நிலையம், பொதுக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் நடந்தே போய்ப் பார்த்துக் குறிக்கிறோம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், எந்த மென்பொருளிலும் திறக்கலாம் என்கிற மாதிரி பட்டியலாக வைக்கிறோம். அலுவலகங்களும் தங்கள் விவரங்களை அப்படியே வெளியிட வேண்டும் என்று விடாமல் நச்சரிக்கிறோம்.

நச்சரிப்பு எதற்கு என்று டோல்கேட்டை வைத்துச் சொல்கிறோம். பஸ் ஏறுகிறவருக்கு அது டோல்கேட். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு நிலையத்தின் பெயர் சுங்கச்சாவடி. எங்கள் கைக்கு வந்த ஒரு பட்டியலில் 'டோல்' தனி, 'கேட்' தனி. நமக்கு எல்லாம் ஒன்றுதான். கணினிக்கு மூன்று ஊர். ஜிடிஎஃப்எஸ் என்ற பேருந்துத் தரவு முறை இதற்காகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் அடையாள எண்ணும் அட்சரேகை தீர்க்கரேகையும் கேட்கிறது. 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது அது. முதலில் 'ஜி' என்றால் கூகுள். பல ஊர்க்காரர்கள் எடுத்தாள ஆரம்பித்ததும் 'ஜி' என்பது 'பொது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக மாறியது.

சரி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாகப் பக்கம் காட்டிய காலத்தில், 1998-இல், எல்லாப் பிரவுசரும் ஒரே தரநிலையைப் பின்பற்ற வேண்டும் என்று வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்றொரு குழு கிளம்பியது. 2013-இல் "வேலை முடிந்தது" என்று அவர்களே கடையைச் சாத்திவிட்டார்கள். எங்களுக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. நாமும் சாத்திவிடலாமா என்று போன கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். எங்கள் முதல் இரண்டு வருடச் செலவில் பாதி பேனருக்கும், கருத்தரங்கு வடை காபிக்கும் போனது என்பதையும் அன்றுதான் கூட்டிப் பார்த்தோம். அந்த வேலைகளை நிறுத்தியாயிற்று. அவற்றுக்காகக் காசு கேட்கவில்லை.

மிச்சமிருக்கும் வேலை வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் எந்த டிடிபி கடைக்கும் போய்ப் பழைய கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை வேறு இடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு குறியாக்கங்களை அறிவித்தது. 2000-இல் உருவான உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) போன்ற அமைப்புகள் வருடக்கணக்கில் வாதாடின. 2010 ஜூனில்தான் யூனிகோடு அரசின் தரநிலை ஆனது. ஆணை வந்து இத்தனை வருடம் ஆகியும், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகம் சென்ற ஆண்டு எங்களுக்குத் தந்த தெருப்பட்டியல் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். நாற்பது பக்கம். இரண்டு தங்கைகள் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

இதைவிட வலித்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தது. காற்று அளவீடுகளை நாள்வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று குப்பத்துப் பிள்ளைகள் சிலர் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஒரு ஸ்கேன் தாள், ஒரு வரைபடத்தின் படம், வாட்ஸ்அப்பில் சுற்றிய ஸ்க்ரீன்ஷாட். ஒன்றில் அளவு பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), இன்னொன்றில் மைக்ரோகிராமில். ஒன்றை மற்றொன்றாக மாற்ற வெப்பநிலையும் தெரிய வேண்டும். அது எதிலும் இல்லை. அந்தப் பிள்ளைகளை வெறுங்கையோடுதான் அனுப்பினோம்.

"இனி ஏஐ எல்லாத்தையும் படிச்சுக்கும்ணா" என்கிறான் எங்கள் குழுவிலேயே ஒரு தம்பி. படிக்கும். மங்கிய 3-ஐ 8 என்றும் படிக்கும், எங்கே தப்பினது என்று சொல்லாது. போடாத அலகை அது எங்கே போய்ப் படிக்கும்? தேடுபொறிகள் எந்தப் பக்கத்துக்குள் நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு 1994-இல் முறைசாரா உடன்பாடாக வந்தது. முறையான தரநிலையானது 2022-இல். நடுவில் 28 வருடம் அது ஓடியது ஆட்கள் மதித்ததால். இப்போது ஏஐ நிறுவனங்கள் அதை மதிக்கின்றனவா என்பதே சண்டையாக இருக்கிறது. எழுதி வைத்ததைக் கவனிக்க ஆள் வேண்டும், எண்ணூரிலும்கூட.

இனி கணக்கு. ஒரு வருடத்துக்கு சர்வருக்கும் டொமைனுக்கும் 18,000 ரூபாய். சனிக்கிழமை நடக்கும் இரண்டு மாணவர்களுக்குப் பஸ் செலவும் சாப்பாடும் 28,800. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி அடிக்க 36,000. அறை வாடகையும் கரண்டும் 54,000. மொத்தம் 1,36,800. கையிருப்பு 41,300. துண்டு விழுவது 95,500. குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எந்த நிறுவனத்திடம் தரவு கேட்கிறோமோ அதனிடம் நன்கொடை வாங்க மாட்டோம். ஒரு முறை வந்த காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், கொஞ்சம் மனசில்லாமல்தான்.

ஐம்பது ரூபாயும் வாங்குவோம். பணம் முடியாதவர்கள் ஒரு சனிக்கிழமை காலை எங்களோடு நடக்க வாருங்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் இன்னும் பாதி தெரு பாக்கி. சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை பொருளாளர் அறையில் இருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை, எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி அட்டவணைக் கோப்பாக வெளியிடுவோம். பிடிஎஃப் கேட்டாலும் தர மாட்டோம். ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கு மட்டும் எங்களிடம் தரநிலை எதுவும் இல்லை.

குழுவின் சார்பில்,
செயலாளர், பொருளாளர்