ஏப்ரலில் வேண்டிய பணம் ஆகஸ்டில் வந்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாக் விரிகுடாவில், எங்கள் பக்கத்து மீனவர்கள் வடகடல் என்கிற கடலில், நான் கடற்புல் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தின்னும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு இந்த விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

என் கேள்வி எளிமையானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இழுவலை அடியை வாராத அந்த இரண்டு மாதத்தில் புல் எவ்வளவு தழைக்கிறது? இதற்குத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த கையோடு ஒரு தடவை, அரை மீட்டர் பிவிசி குழாய்ச் சட்டத்தை அடியில் வைத்து, மூச்சை அடக்கி முங்கி, சட்டத்துக்குள் இருக்கிற புல்லைத் தண்டு தண்டாக எண்ண வேண்டும்.

ஆனால் மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. அப்புறம் செலவுக் கணக்கு, பயன்பாட்டுச் சான்றிதழ், கையெழுத்து என்று கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்து முடிந்த பிறகுதான் ஆராய்ச்சிப் பணத்தின் அடுத்த தவணை. போன வருடம் எனக்கு அது வந்தது ஆகஸ்டில். வள்ளக்கார அண்ணன் நல்ல மனுஷர், "வாடகையை அப்புறம் தாம்மா, டீசலுக்கு மட்டும் ஏதாவது பாரு" என்றார். அந்த டீசலுக்கே என்னிடம் இல்லை. முதல் எண்ணிக்கை இல்லாமல் இரண்டாவதை எடுத்து என்ன பயன்? ஒரு வருடம் அப்படியே போயிற்று.

2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வு உதவித்தொகையை மாதம் 31,000-லிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள், நன்றிதான். ஆனால் அது சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) உதவித்தொகையில் அறிவியல் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு வருடம் சில்லறைச் செலவுக்கென்று தருவது வருடத்துக்கு 12,000. நான்கைந்து தடவை கடலுக்குப் போனால் தீர்ந்துவிடும்.

தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 2023-ல் சட்டம் கொண்டுவந்தபோது ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்றார்கள், அதில் 36,000 கோடி தனியார் போன்ற வெளியிடங்களிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. மருந்துக்கும் பேட்டரிக்கும் கம்பெனிகள் பணம் போடலாம், புல்லை எண்ணுவதற்கு யார் போடுவார்கள்? இதற்கு அரசுதான் கொடுக்க வேண்டும்.

பெரிய தொகை கேட்கவில்லை. யுனெஸ்கோ தன் உயிர்க்கோளத் திட்டத்தில் 1989-லிருந்து இளம் ஆய்வாளர்களுக்கு 5,000 டாலர் வரை கொடுத்துவருகிறது. மன்னார் வளைகுடாவும் நீலகிரியும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிற இடங்கள். அதே அளவில் நம் மாநில அரசும் ஒரு களப்பணி நிதி வைக்கட்டும். கணக்கை எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் கேட்கட்டும், ரசீது ஒன்று விடாமல் தருகிறோம். ஆனால் கடலிலும் காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு அவரவர் பருவத்தைப் பார்த்துப் பணம் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். எனக்கு அது மார்ச் மாதம்.

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி மாணவி,
ராமநாதபுரம் மாவட்டம்.