டர்பன் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு: நம் பிள்ளைகளுக்கு ஒரு மண்தடம்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறவன் நான். வெள்ளிக்கிழமை மாலை பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. பிரேக் கட்டை முற்றிலும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. ஓட்டுகிற பையன் காலில் ரப்பர் செருப்பு. இருட்டியதும் மேட்டுச் சாலைகளில் பந்தயம். திட்டுகிறோம், சரி. ஓட்ட வேறு இடம் காட்டினோமா?

நம் டர்பனில் பிறந்த கிராண்ட் லாங்ஸ்டன் 2000-இல், 18 வயதில், மோட்டோகிராஸ் என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 125 சிசி உலகப் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு அமெரிக்கத் தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றில் பின்சக்கரம் உடைந்து, கைக்கு வந்த பட்டம் போயிற்று. சக்கரம் உடைந்த வண்டியை எத்தனையோ முறை கையில் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்: அந்த வயதில் அது ஆளையே முடக்கிப்போடும். அவரோ 2003-இல் அதே அமெரிக்கப் பட்டத்தை வென்றார். 2007-இல் 450 சிசி பட்டத்தையும் எடுத்தார். பிறகு கண்ணில் புற்றுநோய். சிகிச்சை பெற்று மீண்டும் களத்துக்கு வந்தார்.

2008-இல் மோட்டோகிராஸின் எம்எக்ஸ்2 பிரிவில் உலகப் பட்டம் வென்ற டைலா ராட்ரேயும் டர்பன்காரர்தான். கைப்பிடிக்கு மேலே சுருளும் வழிக்குறிப்பைப் படித்தபடியே சகாராவைக் கடந்து, 2002-இல் டக்கார் ராலி என்னும் நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் இரண்டாமிடம் பிடித்த ஆல்ஃபி காக்ஸ் நம் நாட்டவர். 2020-இல் கிர்ஸ்டன் லாண்ட்மன், டேய் பெர்ரி என்ற இரு தென்னாப்பிரிக்கப் பெண்கள் அதே ராலியை மோட்டார் சைக்கிளில் ஓட்டி முடித்தார்கள். ஆகவே பெண் பிள்ளைகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியபோது பந்தயத் தடம் அமைத்துத் தரவில்லை. உண்மை. அதைச் சொல்லியே இன்னொரு தலைமுறையையும் தெருவில் விட முடியாது.

பரதத்துக்கும் தேவாரத்துக்கும் கால்பந்துக்கும் கோப்பை தருகிறீர்கள், மனமார்ந்த நன்றி. அதோடு, மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளை முறையான மோட்டோகிராஸ் தடத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் ஆகியவற்றைச் சங்கச் சொத்தாக வாங்கி வையுங்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் பூட்ஸ் சிறியதாகிவிடும்; அடுத்தவனுக்கு ஆகும். வண்டிகளைச் சோதித்துச் சரிசெய்ய நான் கூலி வாங்க மாட்டேன்.

தைப்பூசக் காவடி முடிந்து கூடும் முதல் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களை நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் மெக்கானிக் ஒருவர்